எல்லோரும் டெல்ஃபினாவைப் பார்த்தார்கள்

டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டா ஏழு வருஷம் ராணுவத்தில் இருந்தாள். அந்த ஏழு வருஷத்தில் அவள் சுட்டது பயிற்சித் திடலில் நின்ற அட்டை மனிதர்களை மட்டும்தான். அவள் வேலை துணி துவைப்பது. காந்தகார் முகாமில் கூடாரத்துக்குள் வரிசையாக நின்ற சலவை இயந்திரங்களை அவளும் இன்னும் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நானூறு பை அழுக்குத் துணி வரும். சார்ஜென்ட் பட்டையோடு ஊர் திரும்பியபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. நான் அவளைச் சந்தித்தபோது முப்பத்தாறு.

சந்தித்தது ஒரு நாற்காலித் தகராறில். 2021 ஆகஸ்ட் கடைசி, எங்கள் பியூப்லோ நகரத்து இரண்டாண்டுக் கல்லூரி, நடப்பு விவகார வகுப்பு, முதல் நாள். கால் மணி நேரம் முன்னதாகவே போய் மூலை நாற்காலியைப் பிடித்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே கதவு. இருபது வருஷம் கடற்படையில் இருந்தவன் வேறு எங்கே உட்காருவான்? ஐந்து நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்தாள். குட்டை முடி, முகக்கவசத்துக்கு மேலே முறைக்கிற இரண்டு கண்கள்.

"அது என் சீட்டு."

"பேரு எழுதியிருக்கா?"

"பேனா இருக்கு. எழுதட்டா?"

"எந்தப் படை?" என்று கேட்டேன். இந்த நாற்காலிக்குச் சண்டை போடுகிறவர்கள் வேறு யாராக இருக்க முடியும்?

"தரைப்படை. நீங்க?"

"கடற்படை."

"அதான். கப்பல்காரங்களுக்கு எதுக்குச் சுவரு? கடல்ல யாரு பின்னாடி வந்து நிக்கப் போறா?"

கடைசியில் ராஜி ஆனோம். செவ்வாய்க்கிழமை அவளுக்கு, வியாழக்கிழமை எனக்கு. அன்றைக்கு வியாழன் என்பதால் நான் ஜெயித்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரமும் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டாள். அடுத்த வியாழனிலிருந்து நாற்காலியை நானே விட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு 'ரூடி அண்ணே'. திட்ட வேண்டுமானால் 'கப்பல்காரண்ணே'.

என் கதை சின்னது. ரூடி பெர்கோ, ஐம்பத்தொரு வயது. கப்பலில் முடி வெட்டினேன். பிறகு ஊரில் இரும்பாலை வேலை, முதுகு வலி, படிப்பு. போர்க்காலத்தில் வளைகுடாவில் மிதந்தேன். நான் அங்கே சிந்திய ரத்தமெல்லாம் மாலுமிகளின் காதோரத்தில் கத்தரி பட்டு வந்தது.

ஆனால் வகுப்பில் மற்ற இருபத்திரண்டு பேருக்கும் இதெல்லாம் தெரியாது. பள்ளி முடித்து நேராக வந்த பிள்ளைகள். எங்கள் பையில் தொங்கும் பழைய பட்டைகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ பாறை மறைவில் படுத்துக் கிடந்து வந்தவர்கள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். டெல்ஃபினா நடைபாதையில் வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள். 'மேடம்' என்பார்கள்.

"மேடம்னு கூப்பிடாதீங்க, எனக்கு எங்க கர்னல் பொண்டாட்டி ஞாபகம் வருது," என்பாள் அவள்.

"சரிங்க மேடம்," என்பார்கள்.

பாடம் எடுத்த டாகெட் டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. அதுதான் அவருடைய முதல் செமஸ்டர். அந்த மாதம்தான் காபூலிலிருந்து எங்கள் படையின் கடைசி விமானம் கிளம்பியிருந்தது. எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் ஓடுதளத்தில் ஓடும் ஜனங்கள். நடப்பு விவகாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது. அதற்குள் குதிக்கவும் அவருக்கு பயம். எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். 'நான் வகுப்பில் பேச விரும்பாத விஷயங்கள்' என்று மேலே ஒரு வரி, கீழே வெற்றிடம். ஆனால் கொடுக்கும்போது டெல்ஃபினாவின் மேஜையில் மட்டும் இரண்டு தாள் வைத்தார்.

டெல்ஃபினா எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'கார் நிறுத்துமிடம். கல்லூரிச் சாப்பாட்டுக் கடையில் பச்சை மிளகாய்க் குழம்பு என்ற பெயரில் ஊற்றும் பொருள். ரூடி பெர்கோவின் முதுகு வலி.' இரண்டாவது தாளை மடித்து ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் டீச்சர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு காபூல் பேச்சைத் தொடங்கினார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். வட்டத்தில் மூலை ஏது? டெல்ஃபினாவின் முதுகு கதவுப் பக்கம் வந்துவிட்டது. நான் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஜாடை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பத்து நிமிஷம் எல்லோரும் பூசி மெழுகிப் பேசினார்கள். அதற்குப் பிறகு ஆஸா கிம்பல் என்ற பையன் பேசினான். பத்தொன்பது வயது, ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"இருபது வருஷம் போச்சு. யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. அவ்வளவு பேரும் வீணா போய் வீணா வந்தாங்க. இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?"

அவன் வாயை மூடினான். எல்லோரும் டெல்ஃபினாவைப் பார்த்தார்கள். பேசினவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே இருபத்திரண்டு ஜோடிக் கண்கள், டீச்சருடையதோடு இருபத்து மூன்று.

டெல்ஃபினா புத்தகத்தை மூடினாள். பேனாவைப் பையில் போட்டாள். எழுந்து போய்விட்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் பின்னாலேயே போனேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் அவளுடைய பிக்கப் வண்டிக்குள் இருந்தாள். இருக்கைப் பட்டை போட்டிருந்தது. இஞ்சின் ஓடவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

"அந்தப் பையன நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அவன் சொன்னதுல என்ன தப்பு? அதையே நானும் எனக்குள்ள நூறு தடவ சொல்லியிருக்கேன். சில நாள் ஆமாம்பேன், சில நாள் இல்லம்பேன். அவன் கேட்டிருந்தா ரெண்டையும் சொல்லியிருப்பேன்."

"பின்ன ஏன் எழுந்து வந்த?"

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கண்ணே. அடுப்புல பால் பொங்குதான்னு பாப்பாங்கள்ல, அப்படி. உடனே நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுடுச்சு. கை நடுங்கறது வேற. பாருங்க, பொங்கிடுச்சுன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன்." கையைத் தூக்கிப் பார்த்தாள். "முதுகுக்குப் பின்னாடி கதவு வேற. யாராவது அந்த டப்பா மிஷின்ல கோலா வாங்கினாகூட எனக்குத் தூக்கிவாரிப் போடுது."

"நேத்து தூங்கினியா?"

"மூணு மணி நேரம். நீங்க?"

"முதுகு வலி."

"அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்," என்றாள். அப்போதுதான் பட்டையைக் கழற்றினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தவைதான் அவளை உண்மையில் கோபப்படுத்தின. வகுப்புக் கதவில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: 'தயவுசெய்து மெதுவாகச் சாத்தவும்.' அதற்குப் பக்கத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தது. உள்ளே போனால் அன்றைய விவாதம் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய்களைத் தடை செய்யலாமா என்பது. வியாழக்கிழமையும் அதுவே. ஒரு பெண் எழுந்து கடலாமையைப் பற்றிப் பேசிவிட்டு, 'யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க' என்று டெல்ஃபினாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமைக்கும் எனக்கும் எந்த விரோதமும் இல்ல," என்றாள் டெல்ஃபினா.

வகுப்பு முடிந்து முன்னாள் படைவீரர் அறைக்குப் போனோம். ஒரு கிழிந்த சோபாவும் காபி இயந்திரமும் உள்ள அறை அது. அங்கே ஆஸா கிம்பல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றான். சூரை மீனும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்டது. மேலே ஒரு அட்டை.

"அம்மா குடுத்தாங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க மேடம்."

டெல்ஃபினா பாத்திரத்தை வாங்கி, முள் கரண்டியால் ஒரு வாய் சாப்பிட்டாள். அவன் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல நின்றான்.

"உப்பு பத்தல. சரி, நீ சொன்னது பொய்யா?"

"என்னது?"

"வீண்னு சொன்னியே. அது பொய்யா? இப்ப மாத்திக்கிட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் காபி இயந்திரத்தைப் பார்த்தேன்.

"இல்ல மேடம். இன்னும் அப்படித்தான் நெனைக்கறேன்."

"பின்ன எதுக்குடா மன்னிப்பு? ஒரு ஆள் என்கிட்ட நேரா பேசினான்னு பாத்தா, மீனத் தூக்கிட்டு வந்து நிக்கற. உக்காரு, சாப்பிடு. ரூடி அண்ணே, நீங்க வாங்க, நாம ரெண்டு பேரும் டீச்சரப் பாக்கப் போறோம்."

டாகெட் டீச்சரின் அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"டெல்ஃபினா, உங்களுக்கு ஏதாவது சங்கடமா இருந்தா, வகுப்புக்கு வராமலே கட்டுரை மட்டும் எழுதிக் குடுக்கலாம். நான் ஏற்பாடு பண்றேன்."

"டீச்சர், காபூலப் பத்தி மறுபடி எப்ப பேசப் போறோம்?"

"இல்ல... அத விட்டுடலாம்னு..."

"என்னால தானே?"

டீச்சர் மேஜை மேலிருந்த கிளிப்புகளை வரிசைப்படுத்தினார்.

"என்னால ஒரு வகுப்பே உறிஞ்சு குழாய்க்கு ஓடிப்போச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்? அங்க இருந்தப்போ ஒரு ராக்கெட் விழும், அரை மணி நேரம் பதுங்கு குழி, அப்புறம் எழுந்து வந்து துணியக் காய வெப்போம். இங்க ஒரு பையன் ஒரு வார்த்த சொன்னான், ரெண்டு வகுப்பா ஆமை."

"எனக்கு பயம்," என்றார் டீச்சர் சட்டென்று. "யாராவது அழுதா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. நீங்க எழுந்து போனப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்களுக்கு நான் ஏதோ கெடுதல் பண்ணிட்டேன்னு வீட்டுக்குப் போய் அழுதேன்."

டெல்ஃபினாவுக்கு இது எதிர்பாராதது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அழுதா என்ன, மூக்குத் துடைக்கப் பேப்பர் வைங்க. எழுந்து போனா போகட்டும், திரும்பி வருவோம். ஆனா வட்டமா உக்கார வைக்காதீங்க. எனக்குப் பின்னாடி சுவர் வேணும். அப்புறம், யாராவது ஏதாவது சொன்னா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கக் கூடாது. சொன்னவனப் பாக்கட்டும். முடியலன்னா கடிகாரத்தப் பாக்கட்டும்."

"என் மூஞ்சியப் பாக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றேன்.

"அத யாரு பாப்பா," என்றாள் டெல்ஃபினா. டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

விவாதம் அக்டோபர் முதல் வியாழக்கிழமை. எல்லா நாற்காலிகளையும் நான்கு சுவரோரமாகப் போட்டிருந்தார் டீச்சர். எல்லோருக்கும் பின்னால் சுவர். நடுவில் பெரிய வெற்றிடம், யாரும் ஆட வராத நடன அரங்கம் மாதிரி. மேஜை மேல் மூக்குத் துடைக்கும் காகிதம் மூன்று பெட்டி.

ஆரம்பித்தது நான்தான். பத்து வருஷம் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும், இவ்வளவு நாள் இருந்ததே தப்பு என்றேன். டெல்ஃபினா உடனே பாய்ந்தாள்.

"கப்பல்காரண்ணனுக்கு என்ன தெரியும்? கரைய ஒரு தடவ தூரத்துல பாத்திருப்பாரு. கிளம்பினது தப்புன்னு நான் சொல்லல. கிளம்பின விதம். எங்களுக்கு மொழிபெயர்த்தவரு, எங்ககூட வேல செஞ்சவங்க, அத்தனை பேரையும் ஏர்போர்ட் கதவுக்கு வெளியில நிறுத்திட்டு வந்திருக்கோம்."

"கதவுக்கு வெளியில நிக்க வெச்சது யாரு? இருபது வருஷமா நாளைக்குப் போறோம், நாளைக்குப் போறோம்னு சொன்ன உங்க ஜெனரலுங்கதான்."

"உங்க அட்மிரலுங்க என்ன, ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்களா?"

"ஆமா. கப்பல்ல ஐஸ்க்ரீம் நல்லா இருக்கும்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். படையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து, அதையும் யாரோ அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஆமைப் பெண் கை தூக்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க என்ன வேல பாத்தீங்க?"

"அவரு முடி வெட்டினாரு. நான் துணி துவைச்சேன்."

யாரோ சிரித்துவிட்டு, தப்புச் செய்துவிட்டோமோ என்று பாதியில் நிறுத்தினார்கள். "சிரிங்க, சிரிப்பான வேலதான்," என்றாள் டெல்ஃபினா. "ஒரு தடவ ஒரு முழுப் படைப்பிரிவோட உள்ளாடையும் இளஞ்சிவப்பா மாறிப்போச்சு. யாரோ சிவப்புத் துண்டப் போட்டுட்டான். ஒரு மாசம் அவங்க என்னப் பாத்தாலே பல்லக் கடிப்பாங்க." இப்போது வகுப்பே சிரித்தது.

ஆஸா சிரிக்கவில்லை. "எங்கப்பா ரெண்டு தடவ போனாரு," என்றான், வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு. "திரும்பி வந்தாரு, ஆனா எங்ககூட இருக்க முடியல. இப்ப டெக்சஸ்ல எங்கயோ இருக்காரு. வருஷத்துக்கு ஒரு போன். எதுக்காக அவர எடுத்துக்கிட்டாங்கன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும். அதனாலதான் வீண்னு சொன்னேன். தப்பா இருந்தா காரணம் சொல்லுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு விதி ஞாபகம் வந்து சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

டெல்ஃபினாவின் கை முழங்காலில் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அவள் அதை மறைக்கவில்லை.

"காரணம் என்கிட்ட இல்லடா," என்றாள். "என்கிட்ட இருக்கிறது பைதான். ஒவ்வொருத்தனும் அழுக்குத் துணிய ஒரு பையில போட்டுக் குடுப்பான், நாங்க ஒரு நம்பர் சீட்டு குடுப்போம். மூணு நாள்ல வந்து வாங்கிக்கணும். நான் அங்க இருந்த வருஷத்துல மூணு பைய யாரும் வாங்க வரல. ஒரு பையில வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டு இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்க துண்டு. யாரு அனுப்பினாங்களோ. அவனோட பிரிவுலேர்ந்து ஆள் வந்து எடுத்துட்டுப் போக பதினோரு நாள் ஆச்சு. தினமும் வேல முடிஞ்சதும் அதப் பிரிச்சு, தூசி தட்டி, மறுபடி மடிச்சு வெப்பேன். அந்த ஊர்ல தூசி எதையும் விடாது. இப்ப ஊருக்கு வந்து எட்டு வருஷமாச்சு. காசு போட்டுத் துவைக்கிற கடைக்குள்ள என்னால கால் வைக்க முடியல. அந்த வெந்நீர், சோப்பு வாசனை வந்தா மூச்சு முட்டுது. குளியல் தொட்டியில போட்டுக் கையால துவைக்கிறேன். நாலாயிரம் பேருக்குத் துவைச்சவ."

டீச்சர்தான் முதல் பெட்டியைத் திறந்தார், தனக்காக.

"மடிச்சு வெச்சது வீணா?" என்று கேட்டான் ஆஸா. கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அது வீண் இல்ல," என்றாள் டெல்ஃபினா. "மத்ததுக்கு எனக்குத் தெரியல."

அவன் தலையாட்டினான். ஆனால் அவன் விடுகிற ஆளில்லை. கூலிக்கு வேலை செய்த ஒப்பந்தக்காரர்கள் எத்தனை பேர், எந்த வருஷம் எத்தனை படை போனது என்று அடுக்க ஆரம்பித்தான். டெல்ஃபினா ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள், அவன் திருத்தினான். இன்னொன்றையும் தப்பாகச் சொன்னாள்.

"நான் அங்க இருந்தேன்டா."

"இருந்தீங்க. ஆனா அது 2010."

செல்போனில் பார்த்தோம். 2010 தான். வெளியே வரும்போது டெல்ஃபினா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் அவள் நடையைப் பார்த்தால் ஜெயித்தவள் நடை மாதிரி இருந்தது. எட்டு வருஷத்தில் யாரும் அவளோடு இப்படி மல்லுக்கு நின்றதில்லையாம். "அடுத்த வாரம் அவன விடறதில்ல," என்றாள். அன்று மதியமே நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் போக வேண்டியதாயிற்று, அவள் வண்டியில்தான் நான் வீடு போக வேண்டும்.

இதனால் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நவம்பரில் ஒரு வகுப்பில் மறுபடி எழுந்து போனாள். அன்றைக்கு நடைபாதையில் யாரோ ஏணியைக் கீழே போட்டுவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் தானே திரும்பி வந்து, "எங்க விட்டோம்?" என்றாள். பேசிக்கொண்டிருந்த பையன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அதே மாதம் முன்னாள் வீரர்களுக்கான ஆலோசகரைப் பார்க்க முதல் தடவையாகப் போனாள். முன்பெல்லாம் தேதி வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பாள். இப்போது தூக்கம் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரமாகியிருக்கிறது.

டிசம்பரில் அவளுடைய நாய் மெத்தைப் போர்வையை அசிங்கம் செய்துவிட்டது. அது குளியல் தொட்டியில் அடங்காது. என்னைக் கூட்டிக்கொண்டு சலவைக் கடைக்குப் போனாள். வாசலில் இருபது நிமிஷம் நின்றோம். உள்ளே போனபோது என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பாதியில் விட்டுவிட்டாள், ஏனென்றால் ஒரு ஆள் உலர்த்தும் இயந்திரத்தில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார், ஊறுகாயா போடறீங்க? பாதிய எடுங்க. காத்து போக வேணாமா?"

அவன் பேசாமல் பாதியை எடுத்தான். போர்வை காய்வதற்குள் இன்னும் இரண்டு பேரைத் திருத்திவிட்டாள்.

டாகெட் டீச்சர் அவளுடைய கடைசிக் கட்டுரைக்கு 'பி' போட்டார். 'உணர்ச்சி உண்மையானது. ஆதாரக் குறிப்புகள் எங்கே?' என்று கீழே எழுதியிருந்தார். டெல்ஃபினா அதை மூன்று பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டாள். பாவம் பார்த்து 'ஏ' போட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

இரண்டு வருஷத்தில் படிப்பை முடித்தாள். இப்போது பள்ளிக்கூடப் பேருந்துகளை வயர்லெஸ்ஸில் வழிநடத்தும் அலுவலகத்தில் இருக்கிறாள். முப்பத்தொரு ஓட்டுநர்களும் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு சரியான நேரத்துக்கு வருகிறார்கள். ஆஸா வேறு ஊரில் சட்டம் படிக்கப் போய்விட்டான். ஏதாவது செய்தி வந்தால் இருவரும் போனில் பொரிந்து தள்ளுகிறார்கள், பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்பதைப் பற்றி. போன கோடையில் தன் அப்பாவைப் பார்க்க ஆஸா டெக்சஸ் போனான். என்ன பேசினார்கள் என்று டெல்ஃபினா கேட்கவில்லை. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்கிறாள்.

நான் இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறேன். அல்ஜீப்ராவில் இரண்டு தடவை தவறிவிட்டேன். போன வாரம் அவளிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த பர்கரைக் கீழே வைத்தாள்.

"இருபது வருஷம் கப்பல்ல எண்ணிக்கிட்டே தானே இருந்தீங்க?"

"தலைதான் எண்ணினேன்."

"சரி, சனிக்கிழம புத்தகத்த எடுத்துட்டு வாங்க," என்றாள். "நானும் அதுல 'டி' தான். ரெண்டு பேருமா சேந்து தப்பு பண்ணலாம்."